ஒற்றையடிப் பாதையில் இரண்டு சக்கரம்

அமெரிக்க மேற்குக் கரையின் புறநகர்ப் பூங்காக்கள் பலவற்றில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் முக்கோணப் பலகை ஒன்று நிற்கும். மூன்று மூலைகளில் மூன்று படங்கள்: குதிரை, ஆள், சைக்கிள். இடையில் ஓடும் அம்புக்குறிகள் யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்று சொல்கின்றன. சைக்கிள்காரர் மற்ற இருவருக்கும் ஒதுங்க வேண்டும். நடப்பவர் குதிரைக்கு ஒதுங்க வேண்டும். குதிரை யாருக்கும் ஒதுங்க வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று வரிசை வகுத்து எழுதி வைத்ததுபோல இருக்கும். அந்த வரிசைக்குப் பின்னால், நம் ஊர் மரியாதை வழக்குகளைப் போலவே, பல ஆண்டுச் சண்டையும் நீதிமன்றப் படிகளும் உண்டு.

சண்டை எதைப் பற்றி? தமிழில் ‘ஒற்றையடிப் பாதை’ என்கிறோமே, அதைப் பற்றி. அடி என்றால் காலடி. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம் என்ற அகலமும், காலால் மிதிபட்டு உண்டானது என்ற பிறப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஆசைப்படுவது இதற்குத்தான். ஜீப் போகும் அகலத்தில் மண்சாலை எத்தனை மைல் கொடுத்தாலும் அவர்கள் மனம் நிறையாது. மரங்களுக்கு நடுவே வளைந்து, வேரும் கல்லும் இடற, அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று தெரியாத குறுகலான பாதைதான் வேண்டும். நடப்பவர்களுக்கும் அதே பாதைதான், அதே காரணத்துக்காகத்தான் வேண்டும். இருவரும் ஒன்றையே விரும்புவதால் வந்த தகராறு இது.

காலுக்கென்று உண்டான பாதையில் சக்கரத்தை விடலாமா? எதிர்ப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: மண் கெடும், விலங்கு மிரளும், ஆள் அடிபடுவார். மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. பொதுக் கூட்டங்களில் உரத்துப் பேசப்படுவது மண். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்றில் மெலிந்து நிற்பதும் அதுதான். விலங்குகளைப் பற்றிய வாதம் வலுவானது, ஆனால் அது சைக்கிளோடு நிற்பதில்லை. அதை எடுத்து வீசுபவர் மேலேயே திரும்பி விழுகிறது. மூன்றாவதுதான் உண்மையான மனக்குறை.

கதை தொடங்கிய ஊரிலிருந்தே வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. வசதியான புறநகர்கள், அவற்றின் கொல்லைப்புறத்தில் டாமல்பையஸ் மலை. (பெயரில் தமிழ் ஒலிக்கிறதே என்று யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம். அது கோஸ்ட் மிவோக் பழங்குடியினரின் சொல்.) 1970-களில் இங்கே சில இளைஞர்கள் 1930-களிலும் 40-களிலும் வந்த ஷ்வின் போன்ற பழைய தடிமன் டயர் சைக்கிள்களைக் குப்பை விலைக்கு வாங்கி மலை மேல் ஏற்றி, தீத்தடுப்பு மண்சாலைகளில் இறங்க விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு சரிவில் முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்தின் உள்ளே கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்று பெயர் நிலைத்தது.

அடுத்தடுத்து எல்லாம் வேகமாக நடந்தது. 1977-ல் அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டகம் செய்து ஒரு சைக்கிளை உருவாக்கினார். 1979-ல் கேரி ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சி செய்து தந்த சட்டகங்களை வைத்துக் கடை போட்டார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வந்து இறங்கியதும், ஒரு மலையின் விளையாட்டு ஒரு நாட்டின் விளையாட்டானது. ஒரு பாதையில் மாதம் நான்கு பேர் ஓட்டியவரை யாருக்கும் குறையில்லை. வார இறுதியில் நூறு பேர் வந்தபோது, பல வருடமாக நாயோடும் நண்பரோடும் அங்கே நடந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மலைச் சைக்கிள் பிறந்த மரினிலேயே குறுகிய பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடப்பட்டன. தீத்தடுப்புச் சாலைகள் மட்டும் திறந்திருந்தன. அவற்றிலும் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். வேகம் பார்க்கும் ரேடார் கருவியோடு காவலர்கள் மண்சாலையில் நின்ற காட்சி, அந்தக் கவுண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்றும் நகைச்சுவை.

இந்த இடங்கள் யாருடையவை என்று கேட்டால்தான் கோபத்தின் சூடு புரியும். தொலைதூரத் தேசியப் பூங்காக்களைப் போல மைய அரசு ஒதுக்கிய காடுகள் அல்ல இவை. பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு, வீட்டு மனைகளாகப் பிளக்கப்பட இருந்த நிலத்தை மீட்டு வைத்தவை. சிகாகோவைச் சுற்றியுள்ள குக் கவுண்டி வனக்காப்பகங்கள் 1910-களில் தொடங்கியவை; இன்று சுமார் 70,000 ஏக்கர். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் 1934-ல், பெருமந்தத்தின் நடுவில், மக்கள் வாக்களித்துப் பூங்கா மாவட்டம் ஒன்றை உண்டாக்கினார்கள். மேற்கே 1972-ல் இன்னொன்று. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரம் 1924-ல் மைய அரசிடமிருந்து தெற்கு மலையை 17,000 டாலருக்கு வாங்கிப் போட்டது. பக்கத்து ஸ்காட்ஸ்டேல் 1995-ல் விற்பனை வரிக்கு ஒப்புதல் தந்து, பாலைவனக் காப்பகம் ஒன்றைத் துண்டு துண்டாகச் சேர்த்தது. அது இப்போது 30,000 ஏக்கருக்கு மேல். ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் மோதிக்கொள்ளும் இருவருமே ‘இது என் காசு’ என்று சொல்ல உரிமையுள்ளவர்கள். வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிடத்தில் இருக்கும் காட்டின் மேல் வரும் உரிமை உணர்வு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் காட்டின் மேல் வராது.

சட்டம் இங்கே தெளிவாக ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு வனாந்தரச் சட்டம் ‘இயந்திரப் போக்குவரத்து’ கூடாது என்றது. அப்போது மலைச் சைக்கிள் பிறக்கவே இல்லை. சைக்கிளும் அதில் அடங்கும் என்று வனத்துறை விதியில் எழுதியது 1984-ல்தான். தேசியப் பூங்காத் துறை 1987-ல், திறந்தது என்று குறிக்கப்படாத பாதை எல்லாம் சைக்கிளுக்கு மூடியதே என்று தலைகீழாக மாற்றியது. மரின் சைக்கிள்காரர்கள் வழக்குப் போட்டு, 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் இவை மைய அரசின் நிலங்களுக்கு. கவுண்டிப் பூங்காவும் ஊர்க் காப்பகமும் தங்கள் விதியைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன. அதனால் ஒரே மலையின் ஒரு பக்கத்தில் அனுமதி, வேலி தாண்டினால் அபராதம்.

பிரிட்டனில் வேறு மரபு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பாதைகளுக்கே சாதி உண்டு. நடைப்பாதை என்று பதிவானதில் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. குதிரைப்பாதை என்று பதிவானதில் 1968-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பாதை எந்தச் சாதி என்பதைப் பல இடங்களில் தீர்மானித்தது பழைய பதிவேடுகளே தவிர அதன் அகலமோ சரிவோ அல்ல. ஸ்காட்லாந்து 2003-ல் இந்தக் கணக்கையே தூக்கிப் போட்டது: பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும், காலிலோ குதிரையிலோ சைக்கிளிலோ, பெரும்பாலான நிலத்தில் போகலாம். பாதையைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கும் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் ஆள் குறைந்த ஸ்காட்லாந்து மலையில் எளிதாகச் செல்லுபடியாவது, ஞாயிறு காலை கலிஃபோர்னியப் புறநகரில் செல்லுபடியாகுமா என்பது வேறு கேள்வி.

இனி மண். சக்கரம் பாதையைக் கிழிக்கிறது என்பது பார்வைக்கு மறுக்க முடியாததுபோலத் தெரியும். மழைக்குப் பின் சேற்றில் கோடு போட்டதுபோல டயர்த் தடம் நீளமாகக் கிடக்கும். காலடித் தடம் அப்படிக் கண்ணைக் குத்தாது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள். அமெரிக்காவின் மான்டானா மலைப்பாதைகளில் வில்சன், செனி என்ற இருவர், நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் ஓட விட்டு, செயற்கை மழை பெய்வித்து, எவ்வளவு மண் கரைகிறது என்று பார்த்தார்கள். 1994-ல் வெளிவந்த முடிவு: அரித்துப் போகத் தயாராக மண்ணை அதிகம் பெயர்த்து வைப்பது சக்கரம் அல்ல, குளம்பும் காலும்தான், குதிரைக் குளம்பு எல்லாவற்றுக்கும் மேல். முக்கோணப் பலகையில் முதல் மரியாதை வாங்கியவர் யார் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். 2001-ல் கனடாவின் ஒன்டாரியோ காடொன்றில் தர்ஸ்டன், ரீடர் என்பவர்கள் பாதையே இல்லாத இடத்தில் நடக்கவும் ஓட்டவும் விட்டு, 500 தடவை வரை கடந்தபின் செடிகளையும் மண்ணையும் கணக்கெடுத்தார்கள். இரண்டும் சேதம் செய்தன. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வுகளைச் சைக்கிள் சங்கத்தார் வேதவாக்குபோல மேற்கோள் காட்டுவார்கள். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சோதனையில் ஓட்டியவர்கள் சொன்னபடி ஒழுங்காக ஓட்டினார்கள். மெய்யான சனிக்கிழமையில் பின்சக்கரத்தைப் பூட்டித் திருப்பத்தில் சறுக்குபவனும் இருக்கிறான், மேட்டிலிருந்து பாய்ந்து இறங்குபவனும் இருக்கிறான். அதைவிட முக்கியம் தூரம். நடப்பவர் இரண்டு மணி நேரத்தில் 8 கிலோமீட்டர் போனால், சைக்கிள்காரர் 20 போய்விடுவார். ஒரு மீட்டருக்குச் சேதம் சமம் என்றாலும், ஒரு ஆளுக்குச் சேதம் சமம் ஆகாது.

இருந்தும் என் முடிவு மாறவில்லை. பாதையை அரிப்பது தண்ணீர். காலும் சக்கரமும் அதற்குக் கையாட்கள். இதை நம் ஊர்க் கொத்தனாரிடம் சொன்னால் விளக்கமே கேட்க மாட்டார். மொட்டை மாடியில் ‘வாட்டம்’ விடாமல் தளம் போட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மலைப்பாதைக்கும் அதே வாட்டம்தான் உயிர். பழைய பாதைகள் பல, உச்சிக்குக் குறுக்கு வழியாக நேர் மேலே ஏறியவை. மழை பெய்தால் தண்ணீர் வேறு எங்கே போகும்? அதே பாதையை வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கும். ஆண்டுதோறும் இன்னும் கொஞ்சம் ஆழம். அது பள்ளமானதும் நடப்பவர்கள் பக்கத்தில் புதிதாக மிதிப்பார்கள். ஒரு பாதை மூன்று பாதையாகும். அப்படிப்பட்ட பாதையில் யாரை விட்டாலும் கெடும், யாரையும் விடாவிட்டாலும் கெடும்.

சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 1988-ல் தோன்றியது. அதன் பெரிய பங்களிப்பு அரசியல் அல்ல, இந்த மண்வெட்டி அறிவுதான் என்று நினைக்கிறேன். பாதை சரிவை நேராக வெட்டக் கூடாது, குறுக்கே அணைத்துக்கொண்டு போக வேண்டும். மலைச்சரிவு 20 விழுக்காடு என்றால் பாதையின் ஏற்றம் அதில் பாதியை, அதாவது 10-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடு ஓடத் தொடங்கும். பாதையின் தளம் பள்ளப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், 5 விழுக்காடு போதும், அதுதான் வாட்டம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஏறுபாதை சற்றே இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த மடிப்பில் தேங்க வழியில்லாமல் தண்ணீர் வெளியேறிவிடும். விளிம்பில் மண்ணைக் கொட்டி அகலப்படுத்தாமல், முழு அகலத்தையும் மலையிலேயே வெட்டி எடுக்க வேண்டும். சரியாக அமைந்த பாதையில் மழை வந்துபோனதே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்ற இறக்க மடிப்புகள்தான் சைக்கிள்காரருக்கு ஊஞ்சல் ஆட்டம் போன்ற சுகத்தையும் தருகின்றன. தண்ணீருக்காக வெட்டியது விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

மண்ணின் குணமும் ஊருக்கு ஊர் வேறு. ஃபீனிக்ஸ் பக்கத்துக் கல்லும் பருமணலும் தண்ணீரைச் சட்டென்று விட்டுவிடும். சிகாகோவுக்குத் தென்மேற்கே பனிப்பாறைகள் விட்டுப்போன பாலோஸ் குன்றுகள் களிமண். அங்கே ஒரு மழை பெய்தால் சில நாள் காத்திருக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் ஓட்டினால் டயரில் அப்பி, சட்டகத்தில் அடைத்து, ஓட்டியவனையே தண்டிக்கும். பாதையோ காய்ந்ததும் செருப்புத் தோல்போல விறைத்துக்கொள்ளும். அதனால் மத்திய மேற்கு மாநிலங்களில் நல்ல சைக்கிள்காரர் யார் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: மழை பெய்த மறுநாள் வீட்டில் இருப்பவர்.

விலங்குகள் விஷயம் இவ்வளவு சுலபமாகத் தீராது. யூட்டாவில் சால்ட் லேக் நகருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் தீவில் டெய்லர், நைட் இருவரும் காட்டெருமை, மான் வகைகள் எப்படி மிரள்கின்றன என்று பார்த்தார்கள். 2003-ல் வெளியான முடிவின்படி, நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் அவை காட்டிய எதிர்வினையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு அவர்கள் வந்துபோனவர்களிடமும் கேள்வி கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர், தங்கள் பொழுதுபோக்கால் விலங்குகளுக்குக் கெடுதல் இல்லை என்றார்கள். விலங்குகளுக்குத் தொல்லை இருக்கிறது என்றால் அது மற்ற கூட்டத்தாரால் என்று கை காட்டவும் செய்தார்கள்.  இந்தத் தலைப்பில் நடந்த ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

ஓரிகனில் எல்க் மான்களை வைத்து நடந்த வேறொரு ஆய்வில் சைக்கிள் சற்று அதிகமாகத் தொல்லை தந்தது தெரியவந்தது. மோட்டார் வண்டிக்குக் கீழே, நடப்பவருக்கும் குதிரைக்கும் மேலே. ஆனால் எல்லாத் தரப்பையும் வாயடைக்கச் செய்தது 2008-ல் ரீடும் மெரன்லெண்டரும் வெளியிட்டது. வட கலிஃபோர்னியாவின் காப்பகங்களில், பொழுதுபோக்குக்கு ஆட்களை விடும் இடங்களையும் விடாத இடங்களையும் ஒப்பிட்டார்கள். ஆட்கள் வந்துபோகும் இடங்களில் உள்ளூர் ஊனுண்ணி விலங்குகளின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. துப்பாக்கி இல்லை, மோட்டார் இல்லை. அமைதியாக நடப்பதும் அமைதியாக ஓட்டுவதும்தான். சைக்கிளை மட்டும் தடுத்துவிட்டால் காடு பிழைக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஆய்வை அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை. எல்லாருக்கும் திறந்துவிடு என்று கேட்பவர்களும் எடுத்துக்காட்டுவதில்லை. விலங்குக்காகப் பேசுவதென்றால், எங்கே பாதையே போடாமல் விடுவது என்று பேச வேண்டும். புறநகர்ப் பூங்கா அதிகாரி யாரும் முதலில் எடுக்கத் துணியாத பேச்சு அது.

விலங்கு மிரள்வது மட்டுமல்ல, சில சமயம் மிரட்டவும் செய்கிறது. 2004 ஜனவரியில் தென் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில், குடியிருப்புகளை ஒட்டிய வைட்டிங் ராஞ்ச் பூங்காவில் மலைச் சிங்கம் ஒன்று சைக்கிள்காரர் ஒருவரைக் கொன்றது. அன்றே ஒரு பெண்ணைக் கவ்வியபோது அவருடைய தோழி காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். அபூர்வமான நிகழ்வு. புறநகர் என்ற சொல் நம்மை ஏமாற்றும். வேலிக்கு அந்தப் பக்கம் அது காடுதான்.

இதே வரிசையில் நோய் ஒன்றும் சேரும். 1990-களின் நடுவில் மரினில் ஓக் மரங்கள் திடீரென்று காய்ந்து சாகத் தொடங்கின. காரணமான நுண்ணுயிர் 2000-ல் அடையாளம் காணப்பட்டது. அது காற்றிலும் மழையிலும் பரவும். ஒட்டிய சேற்றின் மூலமும் போகும், பூட்ஸ் என்றும் டயர் என்றும் பார்க்காது.

ஆக மண்ணையும் விலங்கையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது மனிதர். இங்கேதான் நடப்பவர் பக்கம் நியாயம் அதிகம். அறுபது வயதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், திருப்பத்தில் திரும்புகிறார். எதிரே மணிக்கு 30 கிலோமீட்டரில் சைக்கிள். மோதல் நடப்பது அரிது. ஆனால் நெஞ்சு படபடக்க ஒதுங்கிய அந்த ஒரு நொடி, அவர் எதற்காகக் காட்டுக்கு வந்தாரோ அதைப் பறித்துவிடுகிறது. அடுத்த முறை அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். சைக்கிள்காரருக்கோ அந்தச் சந்திப்பு நினைவிலேயே இருக்காது. ‘நான்தான் பிரேக் பிடித்தேனே’ என்பார். ஒருவர் வருவதால் மற்றவர் இழப்பதும், மற்றவர் இருப்பதால் இவர் ஒன்றும் இழக்காததும்தான் இந்தத் தகராறின் வடிவம். விபத்துக் கணக்கைக் காட்டி இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் புகார் விபத்தைப் பற்றியதே அல்ல.

வேகம் கூடிக்கொண்டும் வருகிறது. முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி, டிஸ்க் பிரேக், அகன்ற டயர் எல்லாம் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் உருட்டிக்கொண்டு இறங்கிய இடத்தில் இன்று சாதாரண ஓட்டுநரே பறக்கிறார். 2009-ல் வந்த ஸ்ட்ராவா செயலி, பாதையின் ஒவ்வொரு துண்டிலும் யார் வேகமானவர் என்று பட்டியல் போட்டது. பந்தயம் நடக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமலே பொதுப் பாதைகளில் பந்தயம் நடக்கத் தொடங்கியது. பிறகு மின்சார மலைச் சைக்கிள். கலிஃபோர்னியா 2015-ல் இவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பு, மிதித்தால் மட்டும் உதவுவது, மணிக்கு 32 கிலோமீட்டரில் உதவியை நிறுத்திக்கொள்வது. இறக்கத்தில் இதற்கும் சாதாரணச் சைக்கிளுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஏற்றத்தில்தான். இதுவரை ஏற முடியாமல் திணறுவதே இயற்கையான வேகத்தடையாக இருந்தது. கூட்டத்தையும் அதுவே வடிகட்டியது. இப்போது முழங்கால் வலிக்காரரும் உச்சிக்கு வருகிறார். அவருக்கு அது வரம். பாதைக்கு அது கூட்டம்.

தீர்வுகளில் கொலராடோவும் யூட்டாவும் கண்டவை எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் அவை தத்துவம் பேசாமல் நாட்காட்டியைப் பார்த்தன. போல்டர் நகருக்கு வெளியே பெட்டாசோ காப்பகத்தில் புதனும் சனியும் சைக்கிளுக்கு விடுமுறை; ஓட்டும் நாட்களிலும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், எனவே எதிரெதிர் மோதல் இல்லை. சால்ட் லேக் நகரின் விளிம்பில் மில்கிரீக் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் சைக்கிள், ஒற்றைப்படைத் தேதிகளில் கயிறு அவிழ்த்த நாய். ராகுகாலம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் விசித்திரமாகப் படாது. கேலியாகத் தோன்றினாலும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு: சைக்கிளே பிடிக்காதவருக்கு நிச்சயமான ஒரு நாள் கிடைக்கிறது. நெஞ்சு படபடக்காமல் நடக்கலாம் என்ற நிச்சயம்தான் அவர் கேட்டதே.

தடை மட்டுமே போட்ட ஊர்களில் வேறொன்று நடந்தது. இரவிலும் விடியலிலும் யாரோ மண்வெட்டியோடு வந்து, வரைபடத்தில் இல்லாத பாதைகளை வெட்டினார்கள். கள்ளப்பாதை பெரும்பாலும் அவசரப் பாதை. வாட்டம் பார்க்காது, அரிய செடி எங்கே இருக்கிறது என்று பார்க்காது. இரண்டு வருடத்தில் அது வாய்க்காலாகும். ‘பார்த்தீர்களா, சைக்கிள் என்ன செய்கிறது’ என்று தடைக்கு அதுவே சாட்சியாகும். சிகாகோவின் பாலோஸ் குன்றுகளிலும் இப்படித்தான் பாதைகள் பெருகின. பிறகு நிர்வாகம் சைக்கிள் சங்கத்தாரோடு உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று பிரித்தது. மினியாபோலிஸ் புறநகரான ஈகனில் லெபனான் ஹில்ஸ் பூங்காவின் பாதைகளைத் தன்னார்வலர்களே வெட்டிப் பராமரிக்கிறார்கள். குளிர்காலத்தில் பனியை அழுத்தித் தடிமன் டயர்களுக்குத் தளம் அமைப்பதுவரை. நியூயார்க்கிலும் 2007-ல் ஹைபிரிட்ஜ் பூங்காவில் தன்னார்வலர்கள் குப்பையை வாரிக் கொட்டிவிட்டுத்தான் பாதை போட்டார்கள். மண்வெட்டி பிடித்தவன் அந்தப் பாதையில் சறுக்க யோசிப்பான். காவலர் பத்துப் பேர் செய்ய முடியாததை அந்தக் கை வலி செய்யும்.

பிறந்த ஊரின் நகைமுரண் இன்னொன்று. மரினில் சைக்கிளுக்கு முழுமையாகத் திறந்த குறுகிய பாதை வேண்டுமென்றால் பலர் போவது பொதுப் பூங்காவுக்கு அல்ல. ஃபேர்ஃபாக்சுக்கு மேலே சாரணர் இயக்கத்தின் டாமராஞ்சோ முகாமுக்கு. அனுமதிச் சீட்டுக்குக் காசு கட்டி ஓட்டலாம். பொதுமக்களுக்காகப் பூங்கா நிலம் சேர்த்த அதே புறநகர்வாசிகளின் பிள்ளைகள், பாதைக்காகத் தனியார் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

பிள்ளைகள் என்றதும் சொல்ல வேண்டியது: 2001-ல் வட கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மலைச் சைக்கிள் போட்டிகள் தொடங்கின, 2009-ல் அது நாடு தழுவிய அமைப்பாயிற்று. அதுவரை பூங்கா வாரியக் கூட்டத்துக்குச் சைக்கிள்காரர் என்று வந்தவர் முழங்காலில் தழும்போடு வந்த இளைஞர். இப்போது பள்ளிச் சீருடையில் பதினாலு வயதுப் பெண்ணும், அவளைக் காரில் கூட்டிவந்த அம்மாவும் வருகிறார்கள். அம்மா வாக்காளர். எந்த மண் ஆய்வையும்விட இது கதவுகளைத் திறந்தது என்பது என் கணிப்பு.

எல்லா ஊரும் இப்படித் தட்டுத் தடுமாறித்தான் கற்றது என்றில்லை. இடமே இல்லாத சிங்கப்பூர் வேறு வழி பிடித்தது. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி மொத்தமே 163 ஹெக்டேர். அதைச் சுற்றி ஓடும் மலைச் சைக்கிள் பாதை அங்கே நெடுநாள் பிரபலம். அரிப்பும் சரிவும் மோசமானபோது 2014 முதல் 2016 வரை பெரும் பழுதுபார்ப்புக்காக அந்தக் காட்டைப் பெரும்பாலும் மூடி வைத்தார்கள். அதோடு, உள்காட்டின் மேல் விழும் மிதியைக் குறைக்க வெளிவட்டத்தில் இயற்கைப் பூங்காக்களை அமைத்தார்கள். 81 ஹெக்டேர் செஸ்நட் இயற்கைப் பூங்கா அதில் பெரியது. அங்கே நடப்பவருக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு 8 கிலோமீட்டர் தாண்டி ஒரு பாதை, இரண்டும் தனித்தனி. முக்கோணப் பலகைக்கு வேலையே இல்லை. செலவு அதிகம், நிலமும் இரட்டிப்பாக வெட்டுப்படுகிறது. ஆனால் விலங்குக்கான உள்காடு, ஆட்டத்துக்கான வெளிக்காடு என்று பிரித்தது, ரீடும் மெரன்லெண்டரும் எழுப்பிய கேள்வியைக் கையில் எடுத்த ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

ரீபேக் சரிவு இன்றும் சைக்கிளுக்குத் திறந்தே இருக்கிறது. அது ஒற்றையடிப் பாதை அல்ல, தீத்தடுப்புச் சாலை. அடிவாரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் 2015-ல் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் திறந்தார்கள்; கிரீஸ் எரிந்த அந்தப் பழைய வண்டிகளின் கூட்டாளிகள் அங்கே விளக்கு வெளிச்சத்தில் நிற்கின்றன. அந்தச் சரிவில் கேரி ஃபிஷர் இறங்கிய நேரம் 4 நிமிடம் 22 விநாடி. இப்போது விதியை மதித்து, மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டாமல் இறங்கினால் ஏறத்தாழ இருமடங்கு நேரம் ஆகும்.